கேள்விக்குறிக்குப் பின்னால் ஒளிந்தவன்

தெரிந்தே எழுதினேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏமாந்துபோய் எழுதிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடக்கூடும். அந்த மன்னிப்பு எனக்குரியதல்ல.

2012இல் தமிழ் வார இதழ் ஒன்றில் தொடர் எழுதினேன். சூரியக் குடும்பத்தில் இன்னொரு கோள் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் நிபிரு. சுமேரியர்களுக்கு அது தெரிந்திருந்தது. நம் முன்னோர்களுக்கும் தெரிந்திருந்தது. நாசாவுக்கும் தெரியும், ஆனால் மறைக்கிறது. அந்த வருடம் டிசம்பர் 21ஆம் தேதி அது பூமியை நெருங்கும். தொடரின் சாரம் இவ்வளவுதான். தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட்டிருந்தோம். பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குறியின் அருமை தெரியும். யாராவது சண்டைக்கு வந்தால், "நாங்கள் கேட்கத்தானே செய்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் நம்பினேன் என்பதும் உண்மைதான். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாகக் கிடைத்தது செக்கரியா சிட்சினின் 'பன்னிரண்டாம் கோள்'. 1976இல் வந்த ஆங்கிலப் புத்தகம். சிட்சின் பாகுவில் பிறந்தவர், நியூயார்க்கில் வாழ்ந்து 2010இல் இறந்தவர். 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும் கோள் ஒன்று உண்டு, அங்கிருந்து வந்தவர்கள் தங்கம் தோண்டுவதற்காக மனிதனைப் படைத்தார்கள், மெசபடோமியக் களிமண் பலகைகளில் இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர் கட்சி. பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு முத்திரையைப் பெரிய சாட்சியாகக் காட்டுகிறார். நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் பதினொரு உருண்டைகள். அதுதான் சூரியக் குடும்பத்தின் படம் என்கிறார்.

விடிய விடிய படித்தேன். நம்பினேன். இதுவரை என் பேரில் பெரிய குற்றமில்லை. ராத்திரி நேரத்தில் அப்படிப்பட்ட புத்தகத்தைப் படிக்கிற எவனும் கொஞ்சம் நம்பத்தான் செய்வான்.

மறுநாள் காலை எழுத உட்கார்ந்தபோது குற்றம் தொடங்கியது. "சுமேரிய மொழி அறிஞர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள்" என்று எழுதினேன். எந்த அறிஞரும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு சுமேரிய மொழி அறிஞரின் பெயர்கூட எனக்கு அன்று தெரியாது. அந்த முத்திரையில் எழுத்தும் இருக்கிறது. அதில் இருப்பவை ஆட்களின் பெயர்கள். கோளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மெசபடோமியர்கள் சூரியனை வரைந்த முறையும் வேறு. நடுவில் இருப்பது வெறும் நட்சத்திரம். இவற்றைத் தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். தேடவில்லை. தேடினால் தொடர் போய்விடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

நாசா விஷயத்தில் இன்னும் மோசமாக நடந்துகொண்டேன். 1983இல் அகச்சிவப்புக் கதிர்களைப் பார்க்கும் செயற்கைக்கோள் ஒன்றை ஏவினார்கள். அது வானத்தில் இனம் தெரியாத சில புள்ளிகளைக் கண்டது. அவற்றில் ஒன்று வியாழன் அளவுள்ள பொருளாக இருக்கலாமோ என்று வாஷிங்டன் பத்திரிகை ஒன்று அந்த டிசம்பரில் செய்தி போட்டது. பிறகு ஆராய்ந்ததில் அவை வெகுதொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்கள் என்று தெரிந்தது. நான் படித்த கட்டுரையில் முன்பாதியும் இருந்தது, பின்பாதியும் இருந்தது. முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். "அதன் பிறகு மௌனம்" என்று முடித்தேன். அந்த மூன்று சொற்களுக்காக ஆசிரியர் என்னைப் பாராட்டினார். நானும் பெருமைப்பட்டேன்.

பிறகு நம் ஊர்ச் சரக்கைச் சேர்த்தேன். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில விநாடிகள் நின்றுபோகின்றன, நாசாவே வியந்தது என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டீக்கடையில் கேட்டதை நான் அச்சில் ஏற்றினேன். தாழ்ந்த பாதையில் பறக்கும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் மறுபடி கிளம்ப முடியாது, பூமிக்குத்தான் வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. சனீஸ்வரனைக் கும்பிடுகிறவனுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? இந்தக் கேள்விகூட எனக்கு அன்று தோன்றவில்லை. கடிதங்கள் குவிந்தன. தமிழன் பெருமையை உலகுக்குச் சொன்னதாக எழுதினார்கள். அந்தக் கடிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

அந்தக் குவியலுக்குள்தான் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் கடிதமும் இருந்தது. முழு வெள்ளைத்தாளில், இரு பக்கமும், பேனாவால் எழுதியிருந்தார். திட்டு இல்லை. கேலி இல்லை. கணக்கு இருந்தது.

கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 3,600 ஆண்டில் சுற்றிவரும் கோள், சூரியனிலிருந்து சராசரியாகப் பூமியைப் போல் 235 மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். அது பூமிப் பக்கமும் வந்து போகிறது என்றால், மறுகோடியில் சுமார் 470 மடங்கு தூரம் போக வேண்டும். இவ்வளவு பெரிய கோள் 3,600 ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தால் பூமியின் பாதை இவ்வளவு வட்டமாக இருக்காது. நிலா நம்மிடம் மிஞ்சியிருக்காது. டிசம்பரில் வரப்போகும் கோள் இப்போதே வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். பாபிலோனியர்கள் அறிந்த கோள்கள் ஐந்து. அவர்கள் பலகைகளில் நிபிரு என்ற பெயர் மர்துக் தெய்வத்தோடும் வியாழனோடும் சேர்ந்து வருகிறது. மாயர்கள் சொன்னதாகச் சொல்லும் டிசம்பர் 21, அவர்களுடைய நீண்ட நாள்கணக்கில் ஒரு சுற்று முடிகிற நாள், அவ்வளவுதான். பழைய காலண்டரைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டுவது போல. பாலென்கே கோயில் கல்வெட்டிலேயே கி.பி. 4772இல் வரும் நாள் ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறார்கள். உலகம் 2012இல் முடியும் என்று நினைத்தவர்கள் அதை எதற்குக் குறிக்க வேண்டும்?

கடைசிப் பத்தியில் இப்படி ஒரு யோசனை சொல்லியிருந்தார்: முன்னோர் அறிவைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்றால் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதுங்கள். ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித'த்தைத் தேடிப் பாருங்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தது என்று சொல்லமாட்டேன். நம்பிக்கை முழுதாகப் போய்விட்டது. அன்றிரவு மொட்டை மாடிக்கும் போனேன். வானத்தில் புதிதாக எதுவும் இல்லை. மறுநாள் அலுவலகம் போய் அந்தக் கடிதத்தை மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய புரூஃப் தாள்களுக்கு அடியில் வைத்தேன். இதழாசிரியரிடம் காட்டவில்லை. அடுத்த அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தேன். முந்தியதைவிட நன்றாக வந்திருந்தது. நம்பிக்கை இல்லாதவனுக்குக் கை நடுங்குவதில்லை.

ஆசிரியர் கட்டாயப்படுத்தினார், விற்பனைப் பிரிவு நெருக்கியது என்று சொல்ல இடமிருக்கிறது. நெருக்கியது உண்மை. ஆனால் நான் முடியாது என்று சொல்லியிருந்தால் யாரும் என் கையைப் பிடித்து எழுதவைத்திருக்க மாட்டார்கள். தொடர் நின்றால் என் படம் போடும் பக்கம் போய்விடும். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் இல்லை.

நான் நம்பவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமா? அந்த டிசம்பரில் எல்.ஐ.சி. பிரீமியம் கட்டினேன். என் மகளை ட்யூஷனுக்கு அனுப்பினேன். ஒரு நாள் போகாமல் இருந்தாலும் திட்டினேன்.

நவம்பரில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். விழுப்புரம் பக்கம். கொத்தனார். வரவேற்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். யாரோ ரசிகர் என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு போனேன். அவர் பையிலிருந்து எங்கள் இதழ்ப் பக்கங்களை எடுத்தார். அழகாகக் கத்தரித்து நூலால் தைத்திருந்தது.

"பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது சார். நல்லாப் படிக்கிற புள்ள. நர்சிங் போகணும்னு சொல்லிட்டிருந்தது. லைப்ரரில உங்க தொடர் படிச்சதிலேர்ந்து புத்தகத்தைத் தொட மாட்டேங்குது. ராத்திரில தூங்க மாட்டேங்குது. எதுக்குப்பா படிக்கணும், டிசம்பர்ல எல்லாம் முடிஞ்சிடும்னு சொல்லுது. வாத்தியார் சொல்லியும் கேக்கல."

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

"நீங்க சொன்னா கேக்கும் சார். அது பொய்யின்னு ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துப் போட்டு. போதும்."

பேனா என் சட்டைப்பையில் இருந்தது. மேசைமேல் தாள் இருந்தது. இரண்டு வரி. நான் எழுதவில்லை. என் கையெழுத்தோடு அப்படி ஒரு தாள் வெளியே போய் வேறு பத்திரிகைக்காரன் கையில் கிடைத்தால் என் கதி என்ன என்ற பயம் வந்தது. அந்தப் பெண்ணின் கதியைப் பற்றி அந்த நிமிடத்தில் நான் யோசிக்கவே இல்லை. "கேள்விக்குறி போட்டிருக்கோமே, பாக்கலையா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "அடுத்த இதழ்லயே தெளிவா எழுதிடறேங்க. அதைக் காட்டுங்க" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த இதழில் எழுதவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. டிசம்பர் சிறப்பிதழ் தயாராகிக்கொண்டிருந்தது. அட்டையில் பூமியை நோக்கிச் செந்நிற உருண்டை வருவது போல் படம்.

அந்த நாட்களில்தான் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த டேவிட் மாரிசன் சொன்னதைப் படித்தேன். நிபிருவைப் பற்றி அவருக்கு ஆயிரக்கணக்கில் கேள்விகள் வந்திருந்தன. பயந்துபோய் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பதாக எழுதிய பிள்ளைகளும் கேட்டவர்களில் இருந்தார்கள். படித்தேன். அமெரிக்கப் பிள்ளைகள் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன்.

டிசம்பர் 21 வந்தது, போனது. நான் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பேன் என்று நினைக்காதீர்கள். காலக்கணக்கில் பிழை இருக்கலாம் என்று இன்னொரு கட்டுரை எழுதினேன். இந்த வித்தையும் என் கண்டுபிடிப்பு அல்ல. இதே கோள் 2003 மே மாதம் வரும் என்று அமெரிக்காவில் முன்பு சொல்லியிருந்தார்கள். வராததும் நாளைத் தள்ளிப்போட்டார்கள்.

ஜூன் மாதம் அந்தத் தந்தையிடமிருந்து கார்டு வந்தது. பெண் இரண்டு பாடத்தில் தவறிவிட்டாள். மறுபடி எழுத மாட்டேன் என்கிறாள். அடுத்த வருடம் கல்யாணம் முடித்துவிடலாம் என்று இருக்கிறோம். அவ்வளவுதான் இருந்தது. வசவு இல்லை. "நீங்கள் எழுதுவதாகச் சொன்ன இதழ் எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி. அவர் கடைசிவரை நான் எழுதியிருப்பேன் என்றே நம்பியிருக்கிறார். இதழ் கிடைக்காததுதான் தன் குறை என்று நினைத்திருக்கிறார்.

நான் பதில் போடவில்லை. அவள் வேறு காரணத்தால்கூடத் தவறியிருக்கலாம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். ஆனால் அவளைத் தேற்ற என்னிடம் இரண்டு வரி இருந்தது, நான் கொடுக்கவில்லை. அதற்கு வேறு காரணம் கிடையாது.

2016 ஜனவரியில் இன்னொரு காரியம் செய்தேன். கலிபோர்னியாவில் பட்டிஜின், பிரவுன் என்ற இரு வானியலாளர்கள், நெப்டியூனுக்கு வெகு அப்பால் பெரிய கோள் ஒன்று இருக்கக்கூடும் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். செய்தி வந்த அன்று பழைய வாசகர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீங்க அன்னைக்கே சொன்னீங்களே சார்!" என்றார். நான் மறுக்கவில்லை. உள்ளே குளிர்ந்தது. அவர்கள் சொல்லும் கோள் பூமிப் பக்கமே வராது. சுற்றிவர 10,000 ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது அன்றைய கணக்கு. இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை. இல்லாமலும் போகலாம் என்று அதைத் தேடுகிறவர்களோடு வாதிடும் வானியலாளர்களும் உண்டு. எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

ஒளிந்த கோளைத் தேடுவது இழிவான வேலை அல்ல. லெ வெரியே என்ற பிரெஞ்சுக்காரர் காகிதத்திலேயே கணக்குப்போட்டு இடம் சொன்னார்; 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பியதும் ஏறத்தாழ அதே இடத்தில் நெப்டியூன் இருந்தது. அதே மனிதர் 1859இல் புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே வல்கன் என்ற கோள் இருப்பதாகச் சொன்னார். பலர் பார்த்ததாகவும் சொன்னார்கள். அப்படி ஒன்று இல்லை. புதனின் பாதை விலகுவதற்கான காரணத்தை 1915இல் ஐன்ஸ்டைன் சொன்னார். லெ வெரியே அதற்கு வெகுகாலம் முன்பே, 1877இல், வல்கனை நம்பியபடியே இறந்துபோனார். அவர் பக்கத்தில் என்னை நிறுத்திக்கொள்ள ஒருகாலத்தில் ஆசைப்பட்டேன். தவறுவது யாருக்கும் நேர்வதுதானே என்று. முடியாது. அவர் தான் நம்பியதைச் சொன்னார்.

இயற்பியல் ஆசிரியரின் கடிதத்தை வேலையை விட்டு வரும்போதுதான் மறுபடி எடுத்தேன். பிறகு அவர் சொன்ன புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரைத் தேடிப் படித்தேன். வாரன் கண்ணெதிரே அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு வாக்கியங்களைக் கொண்டே 1825ஆம் வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டிருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு. அதற்கு முன்பே லெ ஜான்டீ என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்கு வந்து, 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்து, மேகம் மறைத்ததால் பார்க்க முடியாமல் போனார். ஆனால் இங்குள்ள ஒருவர் முக்கால் மணி நேரத்தில் 1765ஆம் வருடக் கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டியதை அவர் எழுதிவைத்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடி பிழை. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையில் 68 விநாடி.

1952இல் நொய்கெபவர் என்ற வரலாற்றாசிரியர் தமிழர் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம் வாக்கியக் கணக்கில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கொன்று. சந்திரன் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்கு வர 27 நாளும் ஏறக்குறைய பதிமூன்று மணி நேரமும் ஆகும். அப்படி ஒன்பது சுற்று 248 நாள். இதே 248 பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் வருகிறது. கிரேக்கர்கள் வழியாக அந்த முறை இங்கே வந்திருக்க வேண்டும் என்றார் அவர். மெசபடோமியாவுக்கும் நமக்கும் மெய்யான தொடர்பு ஒன்று இருந்திருக்கிறது. அதற்கான வழியைக் காட்டிய கடிதத்தைப் புரூஃப் தாளுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் நான் பொய்த்தொடர்பை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இயற்பியல் ஆசிரியரைப் பார்க்கப் போகலாம் என்று கிளம்பியபோது அவர் காலமாகிவிட்டிருந்தார். கொத்தனாரின் கார்டில் இருந்த முகவரிக்குப் போனேன். குடும்பம் அங்கே இல்லை.

அந்தத் தொடர் புத்தகமாகவும் வந்தது. மறுபதிப்பு போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பழைய பிரதிகள் நடைபாதைக் கடைகளில் கிடக்கின்றன, கிளை நூலகங்களிலும் இருக்கின்றன. பெர்லின் முத்திரை பற்றி அதில் இருப்பது பொய். திருநள்ளாற்றில் செயற்கைக்கோள் நிற்பது பொய். 1983ஆம் வருடச் செய்தியில் பாதியை நான் மறைத்தேன். உங்கள் வீட்டில் அந்தப் பிரதி இருந்தால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நூலகத்தில் பார்த்தால் நூலகரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.